ஊன் தின்னும் பஞ்சு

பஞ்சுயிரிக்கு வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பும் இல்லை. உடம்பு முழுக்கத் துளைகள். அவற்றின் வழியே தண்ணீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாவை வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தை வெளியே விடும். சென்ற வாரம் இதைத்தான் பார்த்தோம். பஞ்சுயிரிகள் எல்லாமே இப்படிச் சாதுவாகத்தான் பிழைக்கின்றன என்று 1995 வரை விலங்கியல் பாடநூல்கள் நம்பின. அந்த ஆண்டு ஜான் வாஸ்லே, நிக்கோல் பூரி-எஸ்னோ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், மத்தியதரைக் கடற்குகை ஒன்றில் கிடைத்த பஞ்சுயிரி குட்டிக் கூனிகளைப் பிடித்துத் தின்பதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். முக்குளிப்பவர்கள் எட்டக்கூடிய ஆழத்தில் இருந்ததால், தொட்டியில் வைத்து, இரை போட்டு, அது மெல்ல மூடி விழுங்குவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

இந்த வாரம் நம் கதாநாயகனான இன்னொரு ஊனுண்ணிப் பஞ்சுயிரியிடம் அந்த வசதி இல்லை. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு அப்பால், 3,300 மீட்டருக்கும் கீழே சேற்றுத் தரையில் நிற்கிறது அது. அங்கே நீரழுத்தம் மேலே உள்ள காற்றழுத்தத்தைப் போல 300 மடங்குக்கும் அதிகம். மனிதர்கள் போகவில்லை, மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்தின் ‘டிபுரோன்’, ‘டாக் ரிக்கெட்ஸ்’ என்ற ஆளில்லா ஊர்திகள் போயின. (ஸ்டைன்பெக்கின் ‘கேனரி ரோ’ நாவலில் ‘டாக்’ என்றொருவர் வருவாரே, அவருக்கு மூலமான கடல் உயிரியலாளர்தான் இந்த ரிக்கெட்ஸ்.) கையில் கிடைத்தவை இரண்டே மாதிரிகள். மேலும் பத்து, வீடியோவில் மட்டும் தெரிந்தன.

படத்தைப் பார்த்தால் யாரோ செய்து வைத்தது போலத்தான் இருக்கும். கிடைமட்டமாக ஒரு தண்டு. அதன்மேல் சீரான இடைவெளியில் செங்குத்தாக எழும் கிளைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் உருண்டை. யாழின் நரம்புகள் போன்ற இந்த அமைப்பால் ‘கான்ட்ரோகிளாடியா லைரா’ என்று பெயர் வைத்தார்கள். பிடித்த மாதிரிகள் ஒவ்வொன்றிலும் தண்டும் கிளைகளும் சேர்ந்த இத்தகைய சட்டங்கள் இரண்டுதான் இருந்தன. வீடியோவில் ஆறு வரை கொண்டவை தெரிந்தன. கையில் கிடைத்த இரண்டு மாதிரிகளை மட்டும் நம்பி எழுதியிருந்தால் விளக்கம் பாதிதான் சரியாக இருந்திருக்கும்.

உலகம் சுற்றியது இந்தப் படம்தான். என்னைக் கேட்டால், உண்மையான வேலை அதற்குப் பிறகு நடந்ததுதான். பஞ்சுயிரியின் உருவத்தை நம்பி இனம் பிரிக்க முடியாது. ஒரே இனம் இடத்துக்கு இடம் வேறு வடிவில் வளரும். அதனால் அதன் எலும்புக்கூட்டைத் தேட வேண்டும். திசுவில் ஒரு துணுக்கை எடுத்து அமிலத்தில் போட்டால் சதை கரைந்துவிடும். அடியில் வெண்பொடி தங்கும். அதைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால் சிலிக்காவால் ஆன நுண்முட்கள்: நீளமானவை கிளையை நிமிர்த்திப் பிடிப்பவை, கண்ணுக்குத் தெரியாத சிறியவை, கப்பல் நங்கூரம் போல வளைந்த கொக்கிகள். எத்தனை வகை, எவ்வளவு நீளம், உடம்பில் எந்த இடத்தில் எது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதுவதுதான் இன விளக்கம்.

அந்தக் கொக்கிகளே இதன் உணவுப் பழக்கத்தையும் சொல்லிவிடுகின்றன. நீரோட்டத்தில் அடித்து வரும் சிறு ஓட்டுடலிகளின் மயிர்களும் முட்களும் அவற்றில் மாட்டிக்கொள்ளும். பிறகு பஞ்சுயிரி மெல்லிய சவ்வால் இரையைப் போர்த்தி, நிதானமாகச் செரித்துக்கொள்ளும். ஓடிப் பிடிக்க முடியாததால் கிளைகளைப் பரப்பிக் காத்திருக்கிறது. பரப்பு கூடக்கூட மாட்டுவதும் கூடும்.

நுனி உருண்டைகளுக்கு வேலை வேறு. அவை விந்தணுப் பொட்டலங்களை உண்டாக்கி நீரில் விடுகின்றன. பக்கத்து யாழின் கிளைகள் இரையைப் பிடிப்பது போலவே அவற்றையும் பிடித்துக்கொள்கின்றன. கருவுற்ற இடம் கிளையின் நடுவே புடைக்கிறது. சாப்பாட்டுக்கும் சந்ததிக்கும் ஒரே வலை!

வெல்டன் லீ, ஹென்றி ரைஸ்விக், வில்லியம் ஆஸ்டின், லோனி லண்ட்ஸ்டன் ஆகிய நால்வரும் 2012-ல் இதை வெளியிட்டார்கள். இருக்கும் பிரிவுகளில் எதிலும் இது அடங்காததால் ‘சிமெட்ரோகிளாடியா’ என்று ஒரு துணைப்பேரினத்தையே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இன ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பத்துப் புதிய உயிரினங்களின் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

அடுத்த வாரம், தண்டுக்குக் கண்ணாடி இழையையே வளர்த்துக்கொள்ளும் இன்னொரு பஞ்சுயிரி.

(தொடரும்)