கொல்கத்தாவின் அலுவலகப் பயணமும் தனி ஒருவரின் காரும்

ஓட்டுபவர் ஒருவரை மட்டுமே சுமந்துகொண்டு, மற்ற இருக்கைகள் காலியாகவே அலுவலகம் சென்று திரும்பும் கார்களைக் குறைப்பது இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றின் கவலையாக உள்ளது. சிங்கப்பூர் 1975ஆம் ஆண்டிலேயே காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்து, நான்கு பேர் சேர்ந்து வரும் கார்களுக்கு விலக்கு அளித்தது. லண்டன் 2003ஆம் ஆண்டில் நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்தது. கொல்கத்தாவில் இத்தகைய கட்டணம் எதுவும் இல்லை. எனினும் ஒரே வாகனத்தில் பலர் சேர்ந்து பணிக்குச் செல்லும் வழக்கம் அங்கு எந்தப் பிரசாரமும் இல்லாமல் தானாகவே வேரூன்றியிருப்பதால், அந்நகரத்தின் முதல் கடமை புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட இருப்பதை இழக்காமல் காப்பதே எனலாம்.

இவ்வழக்கத்துக்கு முதற்காரணம் இடப்பற்றாக்குறையாகும். டெல்லியின் பரப்பில் 20 விழுக்காட்டுக்கும் மேல் சாலைகளாக இருக்க, கொல்கத்தாவில் அது ஏறக்குறைய 6 விழுக்காடுதான். பழைய டல்ஹௌசி சதுக்கமாகிய இன்றைய பி.பி.டி. பாக் பகுதியின் அரசு அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் வருவோரில் பெரும்பகுதியினர், புறநகர் ரயில்களில் ஹௌராவிலும் சியால்தாவிலும் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ ஹூக்ளி ஆற்றைக் கடக்கும் படகிலோ செல்பவர்கள். சென்னையின் ஷேர் ஆட்டோவைப் போல, கொல்கத்தாவின் ஆட்டோக்களும் பெரும்பாலும் குறிப்பிட்ட தடத்தில், ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் ஓடுபவை. இவற்றின் பயனை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அதில் ஒப்பிடப்பட்ட ஆறு மாபெரும் நகரங்களில், மக்களின் அன்றாடப் பயணத்தால் உண்டாகும் புகை உமிழ்வு கொல்கத்தாவில்தான் மிகக் குறைவு.

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கியதும் இந்நகரத்தில்தான். ஆயினும் வடக்கிலிருந்து தெற்காக நீண்ட அத்தடம் மட்டுமே பல்லாண்டுகள் இருந்துவந்த நிலையில், புதிய வேலைவாய்ப்புகள் கிழக்கே சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டருக்கும் நியூ டவுனுக்கும் இடம் மாறின. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த இப்பகுதிகளை நகரின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் ரயில் தடம் இல்லாததால், வசதி உடையோர் காரை நாடினர். மற்றவர்கள் நெரிசலான பேருந்துகளையும், தனித்தனியாக வரும் பயணிகளைக் கூட்டாக ஏற்றிச் செல்லும் ‘ஷட்டில்’ எனப்படும் கார்களையும் நம்பினர்.

இவ்விடைவெளியை நிரப்பவே கிழக்கு–மேற்கு மெட்ரோ திட்டமிடப்பட்டது. அதன் முதற்பகுதி 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோதிலும், 2019ஆம் ஆண்டில் பௌபஜாரில் சுரங்கம் தோண்டுகையில் வீடுகள் இடிந்ததால் நடுப்பகுதி தடைப்பட்டது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் செல்லும் பகுதி 2024 மார்ச்சிலும், எஸ்பிளனேடு–சியால்தா இணைப்பு 2025 ஆகஸ்ட் 22 அன்றும் திறக்கப்பட்டபின், ஹௌராவில் இறங்கும் பயணி ஒரே வண்டியில் சியால்தா வழியாக ஐந்தாம் செக்டரை அடைய முடிகிறது. வீட்டிலேயே காரை விட்டுவிட்டு வருவதற்கான உண்மையான மாற்று வழி இப்போதுதான் கிழக்குப் பகுதி ஊழியர்களுக்குக் கிடைத்துள்ளது.

மாற்று வழி இருந்தால் மட்டும் போதாது. தனிக் காரில் வருவதன் விலையும் அதை ஓட்டுபவருக்கு உறைக்க வேண்டும். இதில்தான் நகரம் தடுமாறுகிறது. வாகனம் நிற்கும் நேரம் கூடக்கூட உயரும் கட்டணத்தை மாநகராட்சி 2023 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. நாள் முழுவதும் அலுவலக வாசலில் காரை நிறுத்துவோரைத் தயங்கச் செய்திருக்கக்கூடிய அந்த ஏற்பாடு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. காருக்கு மாற்றான மற்ற வழிகளும் சுருங்கிவந்தன. 2013ஆம் ஆண்டில் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டாலும் தடை முற்றிலும் நீங்கவில்லை. 1873ஆம் ஆண்டில் தொடங்கிய டிராம் சேவையை, பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களை விலக்கிய விதியால் பழைய தனியார் பேருந்துகள் பல ஓய்வு பெற, 2018க்குப் பின் கட்டணம் திருத்தப்படாத நிலையில் புதியவற்றை வாங்க உரிமையாளர்கள் தயங்கினர். கொல்கத்தாவில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆவதாக டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் போக்குவரத்து நெரிசல் கணக்கு காட்டியது.

ஒரே திசையில் செல்வோர் ஒருவரின் காரில் இடம் பெற்று, எரிபொருள் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் கார்பூலிங் முறைக்குச் சட்டம் தெளிவாக இடம் தரவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், நகருக்குள் நாளொன்றுக்கு நான்கு பகிர்வுப் பயணங்கள் என்ற வரம்போடு இம்முறையை ஏற்றன. ஆனால் அதைத் தடுக்கும் உரிமையை மாநிலங்களிடமே விட்டன. செயலி வழியாக இருக்கையை முன்பதிவு செய்யும் பேருந்துகளை இயக்க ஊபர் நிறுவனத்துடன் 2023ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது, காரை விட்டு வரத் தயங்கும் ஊழியர்களை ஈர்க்கும் மற்றொரு முயற்சியாகும்.

ஆற்றுக்கு அடியில் சுரங்கம் அமைக்கத் துணிந்த ஒரு நகரம், சாலையோரத்தில் நிற்கும் காருக்கு உரிய கட்டணம் கேட்கத் தயங்குவது பொறியியலின் குறையன்று, அரசியலின் குறையாகும். மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகம் வரையிலான கடைசி ஓரிரு கிலோமீட்டருக்குப் பேருந்தும் ஆட்டோவும் நம்பகமாகக் கிடைக்கும்படி செய்து, அதன்பின் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்துவதே எதிர்ப்பைத் தாங்கக்கூடிய வரிசையாகும். ஏனெனில் மாற்று வழி கண்முன் இருக்கும்போதுதான் கட்டணம் தண்டனையாகத் தோன்றாமல் தேர்வாகத் தோன்றும்.