கற்றாழையும் நாகதாளியும்: நிறமூர்த்த எண்ணும் கூர்ப்பும்

கல்முனைக் கடற்கரை மணலில் நண்பகலில் நடந்தோர் அதன் வெம்மையை நன்கறிவர். அத்தகைய நிலத்திலும் தண்ணீரைத் தம்முள் தேக்கி வாழவல்லன சதைப்பற்றுத் தாவரங்கள். நாமறிந்த கற்றாழையும் நாகதாளியும் அத்தகையன. வாழ்க்கை முறையில் ஒத்த இவ்விரண்டும் கலத்தின் கருவினுள்ளே வெவ்வேறு வரலாறுகளை உடையன.

கற்றாழையின் உடற்கலத்தில் 14 நிறமூர்த்தங்கள் உள. அவற்றுள் நான்கு சோடிகள் நெடியன. மூன்று சோடிகள் குறியன. கற்றாழைச் சாதியில் 500இற்கு மேற்பட்ட இனங்கள் உள. அரேபியா, ஆபிரிக்கா, மடகாசுகர் எங்கணும் பரந்த அவற்றுட் பெரும்பாலானவை இதே எண்ணையும் இதே அமைப்பையும் கொண்டன. கையளவுச் சிறுசெடியும் அதன் உறவான மரக்கற்றாழையும் இவ்வாறே. எண் மாறாதிருக்க உருவம் மாறியது எங்ஙனம்? பரம்பரையலகுகள் விகாரமடைந்தமையாலும் நிறமூர்த்தத் துண்டங்கள் இடம் மாறியமையாலுமே என்க.

நாகதாளியின் வழி வேறு. அச்சாதியின் அடிப்படை எண் 11. ஒடுக்கற்பிரிவு வழுவுமிடத்து எண் குறையாத புணரிகள் தோன்றும். அவை கூடுதலால் நிறமூர்த்தத் தொகுதிகள் பெருகும். இதுவே பன்மடியம். இவ்வாறு 22, 44, 66 என ஏறி, பழத்திற்காகப் பயிரிடப்படும் நாகதாளியில் 88 ஆகின்றது. மெக்சிக்கோ நாட்டுச் செடம் சுவேயொலென்சு என்னும் சிறுசெடியிலோ ஏறத்தாழ 640! கோர்ணெல் பல்கலைக்கழகத்துச் சார்ல்சு ஊல் கண்ட எண் இது.

ஒற்றைப்படை மடியங்களில் நிறமூர்த்தங்கள் ஒழுங்காகச் சோடி சேரா. ஆதலின் வளமான வித்து அரிது. எனினும் கற்றாழை பக்கக் கன்றாலும், நாகதாளி முறிந்த தண்டாலும், இரணகள்ளி இலையாலும் பெருகும். வித்தின்றியும் வாழ வழியிருத்தலின், பிறவற்றில் அழிந்தொழியும் மாற்றங்கள் இவற்றில் நிலைத்தல் கூடும்.

நிறமூர்த்தம் மிகுந்த உயிரே உயர்ந்த உயிர் என மாணவர் பலர் எண்ணுகின்றனர். மனிதனுக்கு 46; செடத்திற்கு 640. எண் உயர்வுதாழ்வின் அளவுகோலன்று. உயிர் கடந்து வந்த வழியின் சுவடு மட்டுமே. தலைச்சேரியிற் பிறந்த ஜானகி அம்மாள், டார்லிங்டனுடன் 1945இல் பயிர்த்தாவர நிறமூர்த்தங்களைத் தொகுத்து நூலாக்கியதும் இச்சுவட்டைத் தேடியே.

ஆய்கூடத்தில் வெங்காய வேர்நுனியை நோக்கும் மாணவர் ஒருமுறை கற்றாழையின் வேர்நுனியையும் நோக்குவாராக. நெடியன எட்டும் குறியன ஆறும் தெளிவாகத் தோன்றும். மனப்பாடம் செய்த எண்ணினும் கண்ணாற் கண்ட எண் நெஞ்சில் நிலைக்குமன்றோ!