எலெக்ட்ரிக் கார் உங்க குடும்பத்துக்கு செட் ஆகுமா? ஷோரூம் போகும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான்!

பக்கத்து வீட்டில் பச்சை நம்பர் பிளேட்டோடு ஒரு கார் வந்து நிற்கிறது. 'பெட்ரோல் செலவே இல்லை, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்' என்கிறார் அந்த வீட்டுக்காரர். அலுவலகத்தில் இன்னொருவரோ, 'ஊருக்குப் போகும்போது நடுரோட்டில் நின்னுடும்' என்று பயமுறுத்துகிறார். இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு எலெக்ட்ரிக் கார் சரிப்பட்டு வருமா என்பதை அந்தக் குடும்பத்தின் ஓட்டம், பார்க்கிங், கரண்ட் பில் ஆகிய மூன்றும்தான் முடிவு செய்கின்றன. விரிவாகப் பார்க்கலாம்.

தினமும் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உதாரணத்துக்கு, தாம்பரத்தில் இருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 40 கி.மீ. ஓட்டம் வரும். மாதத்துக்கு சுமார் 1,200 கி.மீ. சந்தையில் உள்ள சிறிய எலெக்ட்ரிக் கார்களுக்குக்கூட இந்த தினசரி ஓட்டம் ஒரு பிரச்னையே இல்லை.

ஆனால் விளம்பரத்தில் போடும் ரேஞ்சை அப்படியே நம்பக் கூடாது. அது ஆய்வகச் சோதனையில் கிடைக்கும் எண். சென்னை வெயிலில் ஏசி போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து போனால் அதில் 65 முதல் 75 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 300 கி.மீ. என்று போட்டிருந்தால் 200 கி.மீ. என்று மனதில் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். பெட்ரோல் கார் ஹைவேயில் நல்ல மைலேஜ் தரும், சிட்டி டிராஃபிக்கில் குடிக்கும். எலெக்ட்ரிக் கார் இதற்கு நேர் எதிர். பிரேக் அடிக்கும்போதும், வேகம் குறையும்போதும் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்புவதால் டிராஃபிக்கில் நன்றாக ஓடும். ஹைவேயில் 100 கி.மீ. வேகத்தில் போனால் சார்ஜ் சரசரவென இறங்கும்.

வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா?

சொந்த பார்க்கிங்கும் பக்கத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ராத்திரி 10 மணி நேரம் போட்டு வைத்தால் 25 யூனிட் அளவுக்கு ஏறும். 40 கி.மீ. ஓட்டத்துக்கு 6 யூனிட்டே போதும். ஆனால் வயரிங்கும் எர்த்திங்கும் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடவே கூடாது. 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் மாட்டுவதாக இருந்தால், ஈபி ஆபீஸில் எழுதிக் கொடுத்து லோடு கூட்ட வேண்டி வரலாம்.

அபார்ட்மென்ட் என்றால் கதை வேறு. வீட்டு இணைப்பில் இருந்தே வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் உங்கள் மீட்டரில் இருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்ள வேண்டும். காரை புக் செய்துவிட்டு அனுமதி கேட்காமல், அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு புக் செய்வதே நல்லது. வாடகை வீடு, தெருவில் பார்க்கிங் என்றால் வெளியே உள்ள சார்ஜிங் ஸ்டேஷனைத்தான் நம்ப வேண்டும். அங்கே செலவுக் கணக்கே மாறிவிடும்.

'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்' உண்மையா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் முறையில் வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல் என ஏறிக்கொண்டே போகும்.

சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைப்போம். மாதம் 1,200 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 340 யூனிட் கூடும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில் மீட்டர் 740 யூனிட்டைத் தொடும். காருக்கான கரண்ட் முழுக்க மேல் ஸ்லாபில்தான் விழும். யூனிட்டுக்கு சராசரியாக 9 ரூபாய் என்று போட்டால் கிலோமீட்டருக்கு சுமார் 1 ரூபாய் 30 காசு.

இதே வேலைக்கு, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு சுமார் 6 ரூபாய் 70 காசு ஆகும். ஆக, ஸ்லாப் ஏறினாலும் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதக் கணக்கில் சுமார் 6,500 ரூபாய். ஆனால் பொது ஃபாஸ்ட் சார்ஜரில் ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்கு 24 ரூபாய் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 40 காசு ஆகிவிடும். மிச்சம் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும்.

கூடுதலாகக் கொடுத்த காசு எப்போது திரும்பி வரும்?

எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கும் வரி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் விலை வித்தியாசத்தைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். ஒப்பிடும் இரண்டு கார்களுக்கும் ஆன்ரோடு விலையில் 3 லட்சம் ரூபாய் வித்தியாசம் என்று வைப்போம்.

* மாதம் 1,200 கி.மீ., வீட்டு சார்ஜிங்: 4 ஆண்டுக்குள் போட்ட காசு திரும்பும்.
* மாதம் 1,200 கி.மீ., முழுக்க வெளி சார்ஜிங்: ஆறரை ஆண்டு வரை ஆகும்.
* மாதம் 400 கி.மீ., வீட்டு சார்ஜிங்: பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும்.

பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும், கல்யாணம் காட்சிக்குப் போகவும் மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு, வாரண்டி முடியும் வரைகூட காசு திரும்பாது. ரீசேல் விலையும் பெட்ரோல் கார் அளவுக்கு நிற்பதில்லை. குறைவாக ஓட்டுபவர்களுக்கு நல்ல பெட்ரோல் காரே லாபம்.

பேட்டரி வாடகைத் திட்டம் லாபமா?

காரை மட்டும் வாங்கி, பேட்டரிக்கு ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் கட்டும் திட்டமும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் கார் வந்தபோது கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு என அறிவிக்கப்பட்டது. இதோடு கரண்ட் செலவு 1 ரூபாய் 30 காசைச் சேர்த்தால் 4 ரூபாய் 80 காசு. ஷோரூம் விலை குறைவாகத் தெரிந்தாலும் மாதாமாதம் மிச்சமாகும் பணம் கரைந்துவிடும். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. கட்டணம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது என்ன ஆகும்?

சென்னையில் இருந்து மதுரை சுமார் 460 கி.மீ. ஹைவேயில் நிஜமாக 250 கி.மீ. தரும் கார் என்றால், உளுந்தூர்பேட்டை பக்கம் ஒருமுறை, திருச்சியில் ஒருமுறை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் 40 முதல் 50 நிமிடம். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும் என்பதால் 80-லேயே கிளம்பிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சாதாரண நாளில் இது டிபன், டீ நேரத்தோடு போய்விடும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் சார்ஜருக்கே க்யூ நிற்கும். வயதானவர்கள், கைக்குழந்தையோடு போகும் குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் ஏறும்போது சார்ஜ் வேகமாகக் குறையும். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

மழை, வெள்ளத்தில் பாதுகாப்பா?

பெரும்பாலான கார்களின் பேட்டரி ஐபி67 தரத்தில் இருக்கிறது. அதாவது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணையில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. அப்படி மூழ்கிய வண்டியை ஆன் செய்யவோ, சார்ஜ் போடவோ கூடாது. டோ செய்துதான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போக வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே பேட்டரிக்கான கூடுதல் கவர் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

எந்தச் சலுகை கிடைக்கும்?

சொந்த உபயோகத்துக்கான காருக்கு மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியம் கிடையாது. கார் கடன் வட்டிக்கு வருமான வரியில் கிடைத்த 80இஇபி கழிவும், 2023 மார்ச் 31-க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குப் பொருந்தாது. தமிழக அரசு தரும் சாலை வரி விலக்கு, தேதி குறிப்பிட்டு நீட்டிக்கப்படும் சலுகை. பதிவு செய்யும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

அப்போ, யார் வாங்கலாம்?

சொந்த பார்க்கிங், மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓட்டம், பெரும்பாலும் ஊருக்குள்ளேயே பயணம் என்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்தால் இன்னும் நல்லது. பார்க்கிங் இல்லை, ஓட்டம் குறைவு, மாதம் இருமுறை தென்மாவட்டப் பயணம் என்றால் இப்போதைக்குக் காத்திருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் ஒரு மாதம் கார் மீட்டரையும், கடைசி மூன்று கரண்ட் பில்லையும் குறித்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வார இறுதிக்கு எலெக்ட்ரிக் காரை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு சொந்த ஊருக்கு ஒருமுறை போய் வந்தால் மீதி சந்தேகமும் தீர்ந்துவிடும். அந்த வாடகை, ஒரு மாத ஈஎம்ஐயைவிடக் குறைவுதான்.