உறைவிடம் தந்தோரின் உழைப்பு

(திருத்தூதர் பணிகள் 18:1-4)

பிள்ளையைப் படிப்புக்காகத் தொலைவிடம் அனுப்பும் பெற்றோர், அவன் தங்கப்போகும் வீட்டைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்பர். உணவு கிடைக்குமா? பாதுகாப்பு உண்டா? செலவு எவ்வளவு? அவ்வீட்டார் என்ன தொழில் செய்கின்றனர், அதை எவ்வாறு செய்கின்றனர் என்று கேட்போர் அரியர். ஆயினும் பிள்ளை நாள்தோறும் காணப்போவது அதைத்தான்.

புனித பவுல் கொரிந்து நகருக்கு வந்தபோது அவருக்கு இடமளித்தோர் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேறவேண்டும் என்னும் கிளாவுதியு பேரரசரின் கட்டளையால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். வீடிழந்தவர்களே மற்றொருவருக்கு வீட்டைத் திறந்தனர். அவர்களது தொழில் கூடாரம் செய்வது. பவுலின் தொழிலும் அதுவே. எனவே அவர்களோடு தங்கி, அவர்களோடு உழைத்தார். கமாலியேலின் காலடியில் திருச்சட்டம் பயின்ற அறிஞர், தொழிற்கூடத்தில் அமர்வதைத் தாழ்வாகக் கருதவில்லை. பின்னர் எபேசுவில், அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த சொல்வன்மை மிக்க அப்பொல்லோவுக்கும் அதே தம்பதியரே கடவுளின் நெறியைத் தெளிவுற விளக்கினர். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில் பவுல் அவ்விருவரையும் தம் உடன் உழைப்பாளர் என்றே வாழ்த்துகிறார். தொழிற்கூடத்தில் தொடங்கிய தோழமை இறைப்பணியில் கனிந்தது.

1951-இல் நடைமுறைக்கு வந்த கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியா சென்ற ஆசிய மாணவர்களுள் பலர், அந்நாட்டுக் குடும்பங்களோடு தங்கிப் படித்தனர். இன்றும் நம் பிள்ளைகள் அவ்வாறு செல்கின்றனர். தாதியான வீட்டுத்தலைவி இரவுப்பணி முடிந்து விடியலில் களைத்துத் திரும்புவதைக் காணும் மாணவி, எந்த விரிவுரையிலும் கேளாத ஒன்றை அறிந்துகொள்கிறாள்.

கடல் கடந்தால்தான் அயலகம் என்பதில்லை. அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவனுக்கு மொழியாலும் சமயத்தாலும் இது புதிய நாடு போன்றதே. இத்தகைய ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு தங்கும் மாணவன் என்னென்ன காண்பான்! வைகறைத் தொழுகை முடித்து வயல் வட்டைக்குப் புறப்படும் வீட்டுத்தலைவரைக் காண்பான். கல்முனையைக் கடந்து மருதமுனைக்குச் சென்றால், தறியில் சாரன் நெய்யும் கைகளைக் காண்பான். ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிந்து, மீண்டும் தொடர்கிற பொறுமையைக் காண்பான்.

துயரையும் காண்பான். ஒலுவில் துறைமுகம் 2013-இல் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீளும் கல்லணைகள் கரையோர மணலின் இயல்பான நகர்வைத் தடுத்தன. துறைமுக வாயிலை மணல் மூடியது. வடபால் கரையையும் தென்னந்தோட்டங்களையும் கடல் அரித்தது. மீனவரும் தோட்டக்காரரும் வாழ்வாதாரம் இழந்தனர். அப்பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் உண்டு. கடலிடம் தென்னைகளைப் பறிகொடுத்தவரின் வீட்டில் உணவருந்திய மாணவன், நாளை ஒரு வரைபடத்தில் கோடு வரையும்போது, அக்கோட்டின் மறுமுனையில் ஒரு குடும்பம் இருப்பதை மறக்கமாட்டான். இதை எந்தத் தேர்விலும் கேட்கமாட்டார்கள். ஆனால் வாழ்நாள் முழுதும் இதற்கு விடையளிக்க வேண்டியிருக்கும்.

அன்புக்குரியோரே, தொலைவிலுள்ள உங்கள் பிள்ளையோடு பேசும்போது, மதிப்பெண்களோடு இதையும் கேளுங்கள்: "நீ தங்கியிருக்கும் வீட்டார் எப்படி உழைக்கிறார்கள்?" அவர்கள் பிற சமயத்தவராயினும் அவர்களது நேர்மையை மதிக்கக் கற்றுக்கொடுங்கள்.

நம் வீட்டிலும் யாரோ பெற்ற பிள்ளை தங்கிப் படிக்கலாம். நாம் கடையில் நிறுக்கும் நிறையையும், அலுவலகத்தில் ஏழையிடம் பேசும் தொனியையும், கூலியாளுக்கு ஊதியம் கொடுக்கும் நேரத்தையும் அப்பிள்ளை கவனிக்கிறது. நாம் தரும் உணவை அது மறந்துபோகலாம். நம் உழைப்பில் கண்டதை மறவாது. அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் போல, நம் இல்லமும் தொழிலும் ஒரே சாட்சியாய் விளங்க இறைவன் அருள்புரிவாராக.