உருகிய பிளாஸ்டிக்கில் ஓர் ஊசி

வாளியோ நாற்காலியோ, இன்ஜெக்‌ஷன் மோல்டிங் எந்திரத்தில் அது உருவாகும் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்புதான். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும் பிளாஸ்டிக் குழம்பு சில நொடிகளில் அச்சுக்குள் பாய்ந்துவிடும். இறுகத்தான் நேரம் பிடிக்கும். பொருளின் தடிமன் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். உள்ளே இருக்கும் சூட்டைப் பிளாஸ்டிக் லேசில் வெளியே விடாது. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 400 வாட்; பெரும்பாலான பிளாஸ்டிக்குகளுக்கு அது 0.1 முதல் 0.5 வரைதான்.

அந்தச் சின்ன எண்ணும் நிலையாக நிற்பதில்லை. அடர் பாலிஎத்திலீனுக்கு அறை வெப்பத்தில் 0.45-ஐ ஒட்டி இருக்கும் மதிப்பு, உருகியபின் 0.25 அளவுக்கு இறங்கிவிடும். திண்மத்தில் சீராக அடுக்கப்பட்ட படிகங்கள் அணுக்களின் அதிர்வை நன்றாகக் கடத்துகின்றன. சூடேற ஏற அந்த ஒழுங்கு குலைகிறது. படிகமே இல்லாத பாலிஸ்டைரீனில் இவ்வளவு சரிவு கிடையாது. ஆகவே, அறை வெப்பத்தில் அளந்த ஒற்றை எண்ணை வைத்து அச்சின் ஆறும் நேரத்தைக் கணக்கிடுவது தவறு என்றே சொல்வேன்.

சூட்டில் அளப்பதுதான் சிரமம். இரு தட்டுகளுக்கிடையே மாதிரியை வைத்து வெப்ப ஓட்டம் நிலைப்படும்வரை காத்திருக்கும் பழைய முறைக்கு மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் உருகிய பிளாஸ்டிக் வழிந்து தடிமன் மாறும், சிதையவும் தொடங்கலாம். 1961-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஒளித்துடிப்பு முறை விரைவானது. ஆனால் அது தருவது வெப்பப் பரவுதிறனை மட்டுமே. கடத்துத்திறன் வேண்டுமென்றால், அதே வெப்பத்தில் அடர்த்தியையும் வெப்ப ஏற்புத்திறனையும் தனியே அறிந்து பெருக்க வேண்டும்.

இங்கேதான் ஊசி கைகொடுக்கிறது. சூடாக்கும் கம்பியும் வெப்ப உணரியும் உள்ளடங்கிய மெல்லிய ஊசியைக் குழம்பில் செருகுகிறார்கள். வெப்பம் எங்கும் சீரானதும், மாறாத சிறு மின்திறனைச் சில பத்து நொடிகள் மட்டும் செலுத்துகிறார்கள். ஊசியின் வெப்ப உயர்வை நேரத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தால், ஆரம்பத் தடுமாற்றம் கழிந்தபின் நேர்கோடு கிடைக்கும். சாய்வு குறைந்தால் கடத்துத்திறன் அதிகம். ஊசிக்கும் குழம்புக்கும் இடையிலான தொடுகை சற்றுக் குறைபட்டிருந்தாலும் கோடு மேலே நகருமே தவிர, சாய்வு மாறாது. இந்த முறையின் பெரும்பலமே அதுதான். ஏஎஸ்டிஎம் டி5930 என்ற தரமுறை இதற்கென்றே இருக்கிறது.

பிறகு படிப்படியாகக் குளிரவைத்து ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளக்கிறார்கள். இறுகும்போது பிளாஸ்டிக் சுருங்கி ஊசியை விட்டு விலகாதிருக்க அழுத்தம் கொடுப்பது அவசியம். கண்ணாடி நார் கலந்த வகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு: நார்கள் கிடக்கும் திசையில் வெப்பம் கூடுதலாக ஓடும். ஊசி தரும் ஒற்றை மதிப்பில் அந்தத் திசை வேறுபாடு தெரியாது. அதற்குத் திசைவாரியாக வெட்டிய மாதிரிகளைத் தனியே அளக்க வேண்டும்.