இருட்டில் கை கொடுப்பது எது?

நடு இரவு. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நேரம். விவசாயி எழுந்தார். மாடத்தில் இருந்த டார்ச் விளக்கை எடுத்தார். பொத்தானை அமுக்கினார்.

விளக்கு எரியவில்லை!

அது சார்ஜ் ஏற்றும் விளக்கு. வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. "பகல் முழுவதும் சார்ஜ் போட்டேனே!" என்றாள் மனைவி. பழைய இரண்டு கட்டை விளக்காக இருந்தால், வீட்டில் இருக்கும் புதுக் கட்டையை எடுத்துப் போட்டிருப்பார். இதில் திறப்பதற்கு மூடியே இல்லை.

அவர் இருட்டிலேயே வரப்பில் நடந்தார்.

கயிறா, பாம்பா?

இப்படி நடப்பது எவ்வளவு ஆபத்து! 2000-ம் ஆண்டு முதல் 2019-ம் ஆண்டு வரை, இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்தார்கள். இது ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கையில் விளக்கு இருந்தால், காலடியில் கிடப்பது கயிறா, பாம்பா என்று தெரியும். ஆகவே டார்ச் விளக்கு வெறும் அலங்காரப் பொருள் அல்ல. அது உயிர் காக்கும் பொருள்.

அந்த விளக்குக்கு உயிர் கொடுப்பது பாட்டரி. அது உள்ளேயே பூட்டப்பட்டு இருப்பது நல்லதா? கழற்றி மாற்றும்படி இருப்பது நல்லதா?

இரண்டும் ஒரே வயது

டேவிட் மிசெல் என்பவர் இங்கிலாந்துக்காரர். அவர் குழாய் வடிவத்தில் ஒரு கை விளக்கைச் செய்தார். 1899-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி அமெரிக்காவில் அதற்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. நியூயார்க் நகரப் போலீஸ்காரர்கள் சிலருக்கு இந்த விளக்கு கொடுக்கப்பட்டது.

அக்காலப் பாட்டரிக்கு வலு குறைவு. விளக்கு தொடர்ந்து எரியாது. பளிச்சென்று எரியும், உடனே அணைக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் அதற்கு "பிளாஷ் லைட்" என்று பெயர் வந்தது.

அதே 1899-ம் ஆண்டில், சுவீடன் நாட்டில் வால்டெமர் யுங்னர் என்ற விஞ்ஞானி நிக்கல்-காட்மியம் பாட்டரியைக் கண்டுபிடித்தார். இது தீர்ந்தால் மறுபடியும் மின்சாரம் ஏற்றலாம். ஆக, டார்ச் விளக்குக்கும் இந்தப் பாட்டரிக்கும் ஒரே வயது!

1991-ம் ஆண்டில் ஜப்பானின் சோனி கம்பெனி லித்தியம்-அயனிப் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கைப்பேசியில் இருப்பது இந்த இனம்தான். இதற்கு வழி வகுத்த 3 விஞ்ஞானிகள் 2019-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

பூட்டிய பாட்டரி

பாட்டரி உள்ளேயே இருக்கும் விளக்கில் பல வசதிகள் உண்டு. கட்டை வாங்க வேண்டியது இல்லை. தலை கீழாகப் போட்டுவிட்டோமோ என்ற குழப்பம் இல்லை. மூடி இல்லாததால் தண்ணீர் புகும் வழியும் குறைவு. பாட்டியும் பேரனும் சுலபமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் பாட்டரிக்கு ஆயுள் உண்டு. லித்தியம் பாட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏற்றிய பிறகு தளர்ந்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் வயதாகும். வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

மலிவான சார்ஜ் விளக்குகள் சிலவற்றில் ஈய-அமிலப் பாட்டரி இருக்கிறது. இதைத் தீர்ந்த நிலையில் போட்டு வைக்கவே கூடாது. போட்டு வைத்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகட்டில் ஒருவகை உப்பு இறுகிப் படியும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. விவசாயி வீட்டில் நடந்தது இதுதான்!

பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால், திருகைக் கழற்றி, பற்று வைத்து, வேறு பாட்டரி போட்டுத் தருவார். கூலியும் பாட்டரி விலையும் சேர்ந்து, பல சமயம் புது விளக்கின் விலையை எட்டிவிடும். அதனால் பல்பு நன்றாக இருந்தும், விளக்கு குப்பைக்குப் போகிறது.

மாற்றும் பாட்டரி

மாற்றும் பாட்டரி விளக்கில் இந்தத் தொல்லை இல்லை. பாட்டரி செத்தாலும் விளக்கு சாகாது. வேறு ஒன்று போட்டால் எரியும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின் கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சார்ஜ் விளக்கு என்ன செய்யும்? இருக்கும் சார்ஜ் தீரும் வரை எரியும். பிறகு அதுவும் இருட்டில் உட்கார்ந்துவிடும். கட்டை போடும் விளக்குக்கோ, பெட்டிக் கடையில் ஒரு ஜோடிக் கட்டை கிடைத்தால் போதும்.

"கட்டைக்கு அடிக்கடி காசு செலவாகுமே?" என்று கேட்கலாம். பழைய பல்பு, மின்சாரத்தில் பெரும் பகுதியை வெப்பமாக வீணடித்தது. இப்போது வரும் எல்.இ.டி. விளக்கு அப்படி அல்ல. அதே கட்டை பல மடங்கு நேரம் எரியும்.

இதிலும் குறை உண்டு. தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டுவிட்டால் அது கசியும். சுருள் கம்பி துருப்பிடிக்கும். பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் கலந்து போட்டாலும் கெடுதல்தான்.

நடு வழி

இரண்டின் நன்மையும் சேர்ந்த விளக்கும் இருக்கிறது. சார்ஜ் ஏற்றலாம், பாட்டரியைக் கழற்றவும் செய்யலாம். இவற்றில் பல விளக்குகளுக்கு "18650" என்ற பாட்டரி பொருந்தும். அந்த எண்ணில் அதன் அளவே இருக்கிறது. 18 மில்லிமீட்டர் அகலம்; 65 மில்லிமீட்டர் நீளம்.

இதை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். சாவி, சில்லறையோடு சட்டைப் பையில் போடக் கூடாது. இரு முனைகளும் உலோகத்தால் இணைந்தால் தீப்பிடிக்கலாம். சாதாரணக் கட்டை 1.5 வோல்ட். லித்தியம் பாட்டரி சுமார் 3.7 வோல்ட். அளவு ஒன்றாக இருந்தாலும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. உப்பிய பாட்டரியை உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

சட்டம் வந்தது

ஐரோப்பியக் கூட்டமைப்பு 2023-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. சிறு கருவிகளில் உள்ள பாட்டரியை, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். இது 2027 பிப்ரவரி 18-ந் தேதி முதல் அமலாகும் என்று அதில் குறிக்கப்பட்டது. சில கருவிகளுக்கு விலக்கும் உண்டு.

இந்தியாவில் 2022-ம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகள் வந்தன. பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு என்று அவை கூறுகின்றன. ஆகவே செத்த பாட்டரியைக் குப்பையில் எறியக் கூடாது.

கடையில் கேளுங்கள்

டார்ச் விளக்கு வாங்கும்போது 3 கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பது எந்தப் பாட்டரி? அதை நானே மாற்றலாமா? மாற்றுப் பாட்டரி நம் ஊரில் கிடைக்குமா?

வீட்டுக்குள் தினமும் பயன்படுத்த, பூட்டிய பாட்டரி விளக்கு போதும். மாதம் ஒரு முறையாவது சார்ஜ் ஏற்றுங்கள். வயலுக்கும், புயலுக்கும், மழைக்காலத்துக்கும் மாற்றும் பாட்டரி விளக்கு ஒன்று அவசியம். பக்கத்திலேயே ஒரு ஜோடிப் புதுக் கட்டையும் இருக்கட்டும்.

கடைக்காரர் விளக்கை எரிய வைத்துச் சுவரில் வெளிச்சம் காட்டுவார். வெளிச்சத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. விளக்கின் வயிற்றையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்!