உறையும் நீர், உடையும் குழாய்

கேரவன் என்றவுடன் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் பலருக்கு நினைவில் எழும். எங்களுடையது அதுவன்று. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வண்டி. இரண்டு படுக்கைகள், ஒரு அடுப்பு, ஒரு கைகழுவும் தொட்டி, அவ்வளவே. டோம்பிவிலியில் பழகிய இரு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினோம். கொங்கண் கடற்கரைக்கும் மகாபலேஷ்வருக்கும் அதில் சென்று வந்த துணிவில், ஒரு டிசம்பர் தொடக்கத்தில் இமாசலத்திற்குப் புறப்பட்டோம்.

மணாலியில் இடர் ஏதும் இல்லை. அங்கிருந்து, 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து சிசுவில் தங்கினோம். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலான இடம். நீர் உறையும் என்பதை அறிந்தே, மாலையில் தொட்டியின் நீரை முழுவதும் வடித்துவிட்டு உறங்கினோம். காலையில் மீண்டும் நீர் நிரப்பிப் பார்த்தால் பம்பு அசையவில்லை. நண்பகல் வெயிலில் தானே ஓடத் தொடங்கியது. பிழைத்தோம் என்று மகிழ்ந்தோம்.

உண்மை சமவெளிக்கு இறங்கிய பின்னரே தெரிந்தது. படுக்கைக்கு அடியிலிருந்த பலகை நனைந்து ஊறிக் கிடந்தது. பம்பின் பிளாஸ்டிக் தலைப்பகுதியில் மயிரிழை போன்ற விரிசல். வெந்நீர்க் கலத்தை ஒட்டிய வளைவு இணைப்பிலும் ஒன்று. உறைந்திருக்கும்வரை பனிக்கட்டியே அடைப்பாக நின்று கசிவை மறைத்துவிடுகிறது.

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். குளிர்சாதனப் பெட்டியில் மறந்து வைத்த கண்ணாடிப் புட்டி வெடிப்பதும் இதனால்தான். பாதி நிரம்பிய தொட்டியில் விரிய இடம் உண்டு. பம்பு, குழாய் வளைவு, வெந்நீர்க் கலம் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீருக்கு அந்த இடம் இல்லை. நாங்கள் தொட்டியைக் காத்தோம். காக்க வேண்டியவற்றை விட்டுவிட்டோம்.

இப்போது எங்கள் முறை வேறு. வெந்நீர்க் கலத்தின் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பிறகு அதன் வடிகால் திருகைத் திறக்கிறோம். சூடாக இருக்கும்போது திறப்பது ஆபத்து. தொட்டியை வடித்து, குளிர்நீர், வெந்நீர்க் குழாய்கள் அனைத்தையும் திறந்துவைத்து, காற்று மட்டும் வரும்வரை சில நொடிகள் பம்பை ஓட்டுகிறோம். அதன்பின் பம்புக்கு இருபுறமும் உள்ள குழாயைக் கழற்றி, எஞ்சிய நீரைத் துணியில் வாங்குகிறோம். கைகழுவும் தொட்டியின் அடிவளைவில் நிற்கும் நீரையும் மறக்கலாகாது. நெடுநாள் நிறுத்திவைப்போர் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த, நச்சற்ற உறைதடுப்பு நீர்மத்தைக் குழாய்களில் செலுத்துவதும் உண்டு. எஞ்சின் குளிர்விப்பு நீர்மத்தை மட்டும் அதற்குப் பதிலாக ஊற்றவே கூடாது. அதில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு.

குழாய் உறையாதிருக்கக் கரியடுப்பை வண்டிக்குள் வைக்கலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். மூடிய இடத்தில் அதன் கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழவிடாது. குழாய் போனால் மாற்றலாம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். வழக்கமான வாகனக் காப்பீட்டின் விலக்குப் பகுதியில் தேய்மானமும் இயந்திர, மின் பழுதுகளும் இடம்பெற்றிருக்கும். பம்பு, இணைப்பு, ஊறிய பலகை மூன்றையும் எங்கள் பணத்திலேயே மாற்றினோம். புறப்படும் முன் பாலிசியின் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

லடாக்கின் பழைய வீடுகளில் நீரே தேவைப்படாத உலர் கழிவறைகளைக் காணலாம். மண்ணும் சாம்பலும் தூவினால் போதும். குளிரோடு மல்லுக்கு நிற்காத அந்த வழி எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த பயணத்தில் மணாலியிலேயே குழாய்களை வடித்துக் காயவிட்டோம். மேலே இருந்த மூன்று நாள்களும் 20 லிட்டர் கேன்கள் இரண்டு, வண்டிக்குள் எங்கள் படுக்கையை ஒட்டியே நின்றன. பாத்திரம் கழுவச் சொம்பு போதுமானதாக இருந்தது.